கல்லீரலில் கொழுப்பு: பிறப்பா, உணவா?

ஒருவருக்குக் கல்லீரல் கெட்டுவிட்டது என்று கேள்விப்பட்டால், "அவர் குடிப்பாரோ?" என்பதே நம் ஊரில் அடுத்த கேள்வி. மது கல்லீரலைக் கெடுக்கும் என்பது உண்மையே. ஆயினும் வாழ்நாளில் ஒரு துளி மதுவும் தீண்டாத தாய்மாருக்கும், ஏன், பள்ளிப் பிள்ளைகளுக்கும்கூடக் கல்லீரலில் கொழுப்பு சேர்வதுண்டு. ஊரார் என்ன நினைப்பார்களோ என்று அஞ்சி, ஸ்கேன் அறிக்கையை அலமாரியில் ஒளித்து வைப்பவர்களும் இருக்கின்றனர். அந்த வெட்கம் தேவையற்றது. அதனால் வரும் காலதாமதமோ ஆபத்தானது. ஆகவே இந்நோயைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம்.

ஓசையின்றி உழைக்கும் உறுப்பு

வயிற்றின் வலப்பக்கம், விலா எலும்புகளுக்கு உட்புறமாக அமைந்துள்ளது கல்லீரல். வளர்ந்தவர்களுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ளது. உணவின் சத்துக்களைப் பக்குவப்படுத்துவது, சர்க்கரையைச் சேமித்து வேண்டும்போது வழங்குவது, பித்தநீரைச் சுரப்பது, நச்சுப் பொருள்களை முறிப்பது என அதன் பணிகள் பலவாகும்.

கல்லீரல் செல்களில் 100க்கு 5க்கு மேற்பட்டவற்றில் கொழுப்புத் துளிகள் தேங்கினால், அது கொழுப்பேறிய கல்லீரல் எனப்படும். தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இல்லை. வேறு அறிகுறியும் இல்லை. பலருக்கு அது அந்நிலையிலேயே நின்றுவிடும். சிலருக்கோ அழற்சி உண்டாகி, தழும்பு ஏறி, முடிவில் கல்லீரல் இறுகிச் சுருங்கும் 'சிரோசிஸ்' நிலைக்குக் கொண்டுபோய்விடும்.

1980ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த லுட்விக் என்னும் மருத்துவரும் அவருடைய தோழர்களும் 20 நோயாளிகளைப் பற்றி எழுதினர். அவர்களுடைய கல்லீரல், குடிகாரர்களின் கல்லீரலைப் போலவே காணப்பட்டது. ஆனால் அவர்கள் குடிப்பவர்கள் அல்லர்! பெரும்பாலோர் சற்றுப் பருமனானவர்கள், பெண்களே மிகுதி. மது இன்றியும் இந்நோய் வரும் என்பது அதன் பின்னரே மருத்துவ உலகில் பரவலாக உணரப்பட்டது.

கொழுப்பு வரும் வழிகள்

"எண்ணெய்ப் பலகாரம் தின்றால்தானே கொழுப்பு சேரும்?" என்று கேட்கலாம். 2005இல் வெளியான ஓர் ஆராய்ச்சி வியப்பான விடையைத் தந்தது. நோயாளிகளின் கல்லீரலில் இருந்த கொழுப்பில் ஏறத்தாழ 59 விழுக்காடு, உடலின் கொழுப்புத் திசுக்களிலிருந்து இரத்தத்தின் வழியாக வந்தது. 26 விழுக்காட்டைக் கல்லீரலே சர்க்கரை முதலியவற்றிலிருந்து உண்டாக்கியது. உணவிலிருந்த கொழுப்பு நேராகத் தந்தது 15 விழுக்காடு மட்டுமே. நாம் கலந்து குடிக்கும் சீனியில் பாதி பிரக்டோஸ் என்னும் சர்க்கரை. அதன் பெரும்பகுதியைக் கையாளும் சுமை கல்லீரலைச் சேர்ந்தது. மிஞ்சிய சர்க்கரை அங்கே கொழுப்பாக மாறுகிறது.

பெற்றோர் தந்த எழுத்து

ஒரே வீட்டில் ஒரே சோற்றை உண்ணும் இருவரில் ஒருவருக்கு மட்டும் இந்நோய் வருவதேன்? இங்கேதான் பரம்பரை வருகிறது. 2015இல் அமெரிக்காவில் 60 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தவர்கள், கல்லீரல் கொழுப்பில் ஒருவருக்கொருவர் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதிக்கு மரபே காரணம் என்று கணித்தனர்.

2008இல் டல்லாஸ் நகர ஆராய்ச்சியாளர்கள், பி.என்.பி.எல்.ஏ.3 என்னும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதைச் சுட்டிக்காட்டினர். இம்மாற்றம் உள்ளவர்களுக்குக் கல்லீரலின் கொழுப்புத் துளிகள் எளிதில் கரைவதில்லை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதைப் பெற்றவர்களின் கல்லீரலில், அது இல்லாதவர்களைவிட இரு மடங்குக்கு மேல் கொழுப்பு இருந்தது.

அப்படியானால் எல்லாம் தலைவிதியா? இல்லை! முந்திரித் தோப்புகள் சூழ்ந்த காடாம்புலியூரில் வளரும் நமக்கு இது எளிதில் விளங்கும். களை விதை மண்ணில் கிடந்தாலும், நீர் கிடைத்தால்தானே முளைக்கும்? 2010இல் அமெரிக்காவில் 153 சிறுவர் சிறுமியரை ஆராய்ந்தபோது, சர்க்கரை கூடக்கூடக் கல்லீரல் கொழுப்பும் கூடியது, அம்மரபணு மாற்றத்தை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவர்களிடம் மட்டுமே. 2011இல் பின்லாந்து நாட்டில் 18 பேர் ஆறு நாட்கள் மாவுச்சத்தைக் குறைத்து உண்டனர். மாற்றம் உள்ளவர்களின் கல்லீரல் கொழுப்பு 45 விழுக்காடு குறைந்தது. இல்லாதவர்களுக்கோ 18 விழுக்காடே. எவருக்குப் பிறப்பிலேயே ஆபத்து மிகுதியோ, அவருக்கே உணவுக் கட்டுப்பாட்டின் பயனும் மிகுதி! இதைவிட நல்ல செய்தி வேறென்ன?

நம் நாட்டில்

"நான் மெலிந்தவள், எனக்கென்ன?" என்றும் இருந்துவிடலாகாது. மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டக் கிராமங்களில் 1,911 பேரை ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட கட்டுரை, 8.7 விழுக்காட்டினருக்கு இக்குறை இருந்ததாகவும், அவர்களில் பெரும்பாலோர் பருமனற்றவர்கள் என்றும் கூறுகிறது. சென்னையில் 541 பேரிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்விலோ 32 விழுக்காட்டினருக்கு இருந்தது. நீரிழிவு உள்ளவர்களில் பாதிப்பேருக்கு மேல்! 2021இல் மத்திய அரசும் இதைத் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்துக்கொண்டது.

நாம் செய்ய வேண்டியவை

பெற்றோரிடமிருந்து நாம் மரபணுவை மட்டுமா பெறுகிறோம்? அடுப்பங்கரைப் பழக்கங்களையும் பெறுகிறோம். முன்னதை மாற்ற இயலாது. பின்னதை இன்றே மாற்றலாம். தட்டில் சோற்றைக் குறைத்து, கீரை, காய், பயறு வகைகளைக் கூட்டுவோம். காபி, தேநீரில் சீனியைக் குறைப்போம். குளிர்பானத்திற்குப் பதில் மோர் அருந்துவோம். பலாப் பருவத்தில் பழரசத்தைவிடச் சில சுளைகளே நன்று. முந்திரியும் கைப்பிடியளவு போதும். நாள்தோறும் நடப்போம், ஆடுவோம். பருமனான பெரியவர்கள் எடையில் 100க்கு 5 பங்கு குறைத்தாலே கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும். 7 முதல் 10 பங்கு குறைத்தால் அழற்சியும் தணியக்கூடும். வீட்டில் நீரிழிவோ பருமனோ உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுப் பரிசோதித்துக்கொள்வது நலம்.

அன்புத் தோழியரே! வீட்டில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, மிஞ்சிய சோற்றை வீணாக்க மனமின்றித் தாமே உண்டு முடிப்பவர் நம் அம்மா. உடல் இறைவன் தந்த ஆலயம் என்று கற்கும் நாம், அவருடைய தட்டையும் சற்றுக் கவனிப்போமா? அலமாரியில் ஓர் அறிக்கை ஒளிந்திருந்தால், அதை அன்போடு வெளியே எடுப்போம். அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.