காற்றில் மிதக்கும் ஆசை

பட்டனை அழுத்தினால் கார் எழும்பும். இன்னொன்றை அழுத்தினால் தரையோடு படியும். பார்க்க ஜோர்தான். ஆனால் தினமும் வேலைக்கு ஓட்டிப் போகிற வண்டிக்கு ஏர் சஸ்பென்ஷன் சரிப்படுமா?

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில் ஆந்திர எல்லையைத் தாண்டியதும் வருவது தடா. அங்கிருந்து மேற்கே பிரிகிற சாலை வரதய்யபாளையத்துக்குப் போகிறது. ஒரு காலத்தில் உப்பலமடுகு அருவிக்குப் போகும் கல்லூரிப் பையன்களையும் ஆசிரமத்துக்குப் போகும் பக்தர்களையும் மட்டுமே பார்த்த வட்டாரம் இது. 2008இல் ஸ்ரீசிட்டி வந்தது. பிறகு இசூசு கார் தொழிற்சாலை, ஆல்ஸ்டம் ரயில் பெட்டித் தொழிற்சாலை, 2020இல் சின்னபாண்டூரில் அப்போலோ டயர்ஸ். இன்று காலை ஷிப்டு தொடங்கும் நேரத்தில் கம்பெனி பஸ்களுக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கும் நடுவே கார்கள் வரிசையாக நுழைகின்றன. சென்னையிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் தினமும் வந்து போகிறவர்கள் பலர். பெட்ரோல் செலவைப் பங்கிட்டுக்கொண்டு ஒரே காரில் நாலைந்து பேர் வருவதும் உண்டு.

இந்த இளைஞர்கள் காரை வாங்கியதோடு விடுவதில்லை. அலாய் வீல், அகல டயர் என்று தொடங்கும் ஆசை, இப்போது ஏர் சஸ்பென்ஷனில் வந்து நிற்கிறது. ஸ்பிரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டு நான்கு சக்கரத்துக்கும் காற்றுப்பை மாட்டும் வித்தை. வேண்டும்போது உயர்த்தலாம், நிறுத்தும்போது டயர் மட்கார்டுக்குள் மறைகிற அளவுக்குத் தாழ்த்தலாம். செலவு லட்ச ரூபாய்க்கு மேல். காரின் விலையே ஏழெட்டு லட்சமாக இருக்கும்போது இது விளையாட்டுச் செலவு அல்ல.

வயிறு உரசுவது ஏன்?

ஆசைக்கு அலங்காரம் மட்டும் காரணமில்லை. கிராமத்து வேகத்தடைகளில் காரின் அடிவயிறு உரசும்போது எழும் சத்தம், ஓட்டுகிறவரின் வயிற்றையும் கலக்குகிறது. காரை உயர்த்த ஒரு பட்டன் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றுவது இயல்பு.

இந்திய சாலை காங்கிரஸின் விதிப்படி ஒரு வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் உள்ள மெல்லிய வளைவாக இருக்க வேண்டும். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் கடக்கலாம். ஸ்விஃப்ட் போன்ற காரின் முன், பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம் 2.45 மீட்டர். அதாவது விதிப்படியான வேகத்தடையின் மீது கார் முழுதாகவே ஏறிவிடுகிறது. கணக்குப் போட்டால், வண்டியின் நடுவயிற்றை நோக்கி மேடு எட்டிப் பார்ப்பது நாலரை செ.மீ.தான். தரையிலிருந்து 16 செ.மீ. உயரத்தில் இருக்கும் காருக்கு இது ஒரு பொருட்டே அல்ல.

ஆனால் ஊர்க்காரர்கள் தாங்களே கொட்டி வைக்கிற தடை ஒரு மீட்டர் அகலம்கூட இருப்பதில்லை. முன் சக்கரம் தாண்டி இறங்கிவிட்ட பிறகும் மேடு முழு உயரத்தோடு வண்டிக்கு அடியில் நிற்கிறது. 12 செ.மீ. மேடு என்றால் 12 செ.மீ.யும் வேண்டும். காரில் ஐந்து பேரும் டிக்கியில் மூட்டையும் ஏறி, ஸ்பிரிங் 4 செ.மீ. அமுங்கியிருந்தால் 16இல் மிச்சம் 12. உரசாமல் என்ன செய்யும்?

ஆக, தனியாக ஓட்டும்போது உரசாத கார் கூட்டத்தோடு போகும்போது உரசுகிறது என்றால், குற்றவாளி காரின் உயரம் அல்ல, சுமை. இந்த இடத்தில்தான் காற்றுப்பைக்கு நியாயமான ஒரு வாதம் கிடைக்கிறது.

காற்று செய்யும் வேலை

இரும்பு ஸ்பிரிங்கின் விறைப்பு மாறாதது. சுமை ஏறினால் அமுங்கும், அவ்வளவுதான். காற்றுப்பை அப்படியல்ல. சுமை கூடினால் கூடுதல் காற்றை ஏற்றி வண்டியைப் பழைய உயரத்துக்கே கொண்டுவரலாம். அழுத்தம் கூடும்போது விறைப்பும் கூடுவதால், ஒருவர் உட்கார்ந்தாலும் ஐந்து பேர் உட்கார்ந்தாலும் வண்டி ஏறக்குறைய ஒரே லயத்தில் அசைகிறது. நிமிடத்துக்கு 60 முதல் 90 முறை வரையிலான மெல்லிய அசைவைத்தான் உடம்பு சொகுசு என்று ஏற்றுக்கொள்கிறது. இரும்பு ஸ்பிரிங்கில் காலி வண்டிக்கு ஒரு கணக்கு, நிரம்பிய வண்டிக்கு வேறு கணக்கு.

இதற்கு உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. சென்னை மெட்ரோவின் முதல் கட்டத்துக்கான ரயில்களில் ஆரம்பத்தில் வந்த சில பிரேசிலிலிருந்து வந்தவை. மற்றவை இதே ஸ்ரீசிட்டியில் உருவானவை. அந்தப் பெட்டிகள் காற்றுப்பைகள் மீதுதான் உட்கார்ந்திருக்கின்றன. காலியாக இருந்தாலும் கூட்டம் பிதுங்கினாலும் பெட்டியின் தளம் பிளாட்பாரத்தின் மட்டத்துக்கே நிற்பது அதனால்தான். பெரம்பூர் ஐ.சி.எஃப். உருவாக்கிய வந்தே பாரத் ரயிலிலும், இரவு நேர வால்வோ பஸ்ஸிலும் தூக்கம் கெடாததற்குக் காற்றுப்பைதான் காரணம்.

அப்படியென்றால் காரில் மட்டும் ஏன் தயக்கம்? ரயிலுக்குப் பணிமனை இருக்கிறது. குறித்த நாளில் பெட்டியைக் கழற்றிப் பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள். பஸ்ஸில் பிரேக்குக்காக எப்படியும் எஞ்சினே ஓட்டும் பெரிய கம்ப்ரஸர் இருக்கிறது. காரில் இருப்பதோ பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரஸர். அதைத் தொடர்ந்து ஓட விட்டால் சூடேறிக் கருகிவிடும்.

அமெரிக்கா கற்ற பாடம்

காரில் காற்றுப்பை புதிய சங்கதி அல்ல. 1957இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் விலையுயர்ந்த காடிலாக் எல்டொராடோ பிரோகாமில் இதைப் பொருத்தியது. அடுத்த ஆண்டே ஷெவர்லே முதல் பியூக் வரை எல்லாப் பெயர்களிலும் கூடுதல் கட்டணத்துக்குக் கிடைத்தது. கூடவே தலைவலியும் கிடைத்தது. காற்று கசிந்தது, காலையில் எழுந்து பார்த்தால் கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. பல உரிமையாளர்கள் காற்றுப்பையைக் கழற்றிவிட்டு இரும்பு ஸ்பிரிங்கையே மாட்டிக்கொண்டார்கள். சில ஆண்டுகளில் கம்பெனியும் கையைக் கழுவியது.

ஐரோப்பியர்கள் விடவில்லை. 1963இல் மெர்சிடிஸ் 600, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரேஞ்ச் ரோவர், 1998இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் என்று பெரிய கார்களில் அது நிலைத்தது. வித்தியாசம் என்ன? வண்டியை வரையும்போதே காற்றுப்பைக்காக வரைந்தார்கள். ஒவ்வொரு சக்கரத்திலும் உயரத்தை அளக்கும் சென்சார், அதைக் கவனிக்கும் கம்ப்யூட்டர், காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டிரையர் என்று கூடவே ஒரு பட்டாளம். அப்படியும் பத்து வருஷம் ஓடிய சொகுசுக் காரை செகண்ட் ஹாண்டில் வாங்குகிறவர் முதலில் பயப்படுவது ஏர் சஸ்பென்ஷன் பில்லைப் பார்த்துத்தான்.

தினசரி வண்டியின் கஷ்டம்

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கும் காரில் கசிவு வந்தால் அது பொழுதுபோக்கு. ஆறு மணி ஷிப்டுக்குப் போக வேண்டிய காரில் வந்தால் சம்பளப் பிரச்சினை.

கசிவு பெரும்பாலும் பையில் ஆரம்பிப்பதில்லை. குழாய் இணைப்புகளில் ஆரம்பிக்கிறது. பங்க்சர் கடைக்காரர் டியூபை நீரில் முக்குவது போல, இங்கே ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் இழந்த காற்றை ஈடுகட்டக் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடுகிறது. ஐந்து ரூபாய் சமாச்சாரம் கம்ப்ரஸரைக் காவு வாங்கிவிடுகிறது.

அடுத்தது ஈரம். காற்றை அழுத்தினால் அதிலுள்ள நீராவி தண்ணீராகப் பிரியும். பழவேற்காடு ஏரியின் உப்புக் காற்று வீசும் இந்தப் பக்கத்தில், அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில், டாங்கியில் தண்ணீர் சேரத்தான் செய்யும். அவ்வப்போது வடிக்காவிட்டால் வால்வு துருப்பிடிக்கும். லாரி டிரைவர்கள் பிரேக் டாங்கியின் தண்ணீரை வடிப்பது இதற்காகத்தான். கார்க்காரர்களில் எத்தனை பேர் பானெட்டையே திறந்து பார்க்கிறார்கள்?

டயரும் இருக்கிறது. காரைத் தாழ்த்தும்போது பெரும்பாலான கார்களில் சக்கரத்தின் மேல்பாகம் உள்ளே சாயும். ஓட்டும் உயரத்தில் வீல் அலைன்மென்ட் பார்த்துவிட்டு, தாழ்த்திய உயரத்திலேயே தினமும் ஓட்டினால் டயரின் உள் ஓரம் மட்டும் தேய்ந்து கம்பி தெரியும். டயர் தொழிற்சாலையின் வாசல் வழியாகவே போய் வந்தாலும் டயர் இலவசமில்லை.

கடைசியாக மெக்கானிக். நெடுஞ்சாலையோரம் பஸ், லாரியின் காற்றுப்பையை மாற்றத் தெரிந்தவர்கள் உண்டு. ஆனால் கார் தொகுப்பில் இருக்கும் மின் வால்வும் கன்ட்ரோலரும் பெரும்பாலும் இறக்குமதி. கெட்டுப்போனால் பார்சல் வரும்வரை கார் திண்ணையில்.

சட்டம் என்ன சொல்கிறது?

பணமும் பொறுமையும் உள்ளவர்கள்கூட இங்கே நின்று யோசிக்க வேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழ் விவரங்கள் மாறுபடும் விதத்தில் வண்டியை மாற்றக் கூடாது. ஆர்.சி.யில் ஸ்பிரிங்குக்கென்று தனிக் கட்டமில்லையே என்று வாதாடுகிறவர்கள் உண்டு. ஆனால் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கறாராகவே படித்தது. தயாரிப்பாளரின் மூல வடிவமைப்புக்கு மாறாக வண்டியை மாற்ற அனுமதியில்லை என்றது.

அதே 2019இன் திருத்தச் சட்டம் அபராதத்தையும் எழுதிவைத்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000, அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தினமும் மாநில எல்லையைத் தாண்டுகிற வண்டிக்கு இரு மாநில அதிகாரிகளின் கண்ணும் உண்டு என்பதை மறக்கக் கூடாது.

அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து இன்ஷூரன்ஸ். கம்பெனிக்குத் தெரிவிக்காமல் செய்த மாற்றம், விபத்து நேரத்தில் நஷ்டஈட்டை மறுக்க அவர்களுக்கு ஒரு காரணம் கொடுக்கிறது. புது கார் என்றால் சஸ்பென்ஷன் தொடர்பான வாரன்டிக்கும் விடை கொடுக்க வேண்டியதுதான். காரைக் கழற்றுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்தில் பதில் வாங்குவது உத்தமம். கடைக்காரர் வாய் வார்த்தையாகச் சொல்லும் 'ஒண்ணும் ஆகாது சார்' எந்தக் கோர்ட்டிலும் செல்லாது.

மாற்று வழிகள்

நோய் என்ன என்று தெரிந்தால் மருந்து மலிவாகவே கிடைக்கலாம். ஐம்பதாயிரம், அறுபதாயிரம் கி.மீ. ஓடிய கார் தூக்கிப் போடுகிறது என்றால், முதலில் பார்க்க வேண்டியது ஷாக் அப்சார்பர்களையும் ரப்பர் புஷ்களையும். அவற்றைப் புதிதாக மாற்றிய பிறகு 'ஏர் சஸ்பென்ஷனே வேண்டாம்' என்று சொல்ல நேரலாம். டயரில் காற்று கம்பெனி சொன்ன அளவில் இருக்கிறதா, அலங்காரத்துக்காக மெல்லிய டயர் போட்டு நாமே சொகுசைக் கெடுத்துக்கொண்டோமா என்றும் பார்க்கலாம்.

ஆள் ஏறும்போது பின்பக்கம் மட்டும் அமுங்குகிறது என்றால், ஸ்பிரிங்குக்கு உள்ளேயே செருகும் சிறிய உதவிக் காற்றுப்பை இருக்கிறது. சைக்கிளுக்கு அடிப்பது போல வால்வில் காற்றடித்தால் போதும். கம்ப்ரஸர், கம்ப்யூட்டர் எதுவும் வேண்டாம். அது கிழிந்தாலும் பழைய ஸ்பிரிங் வண்டியைத் தாங்கும். ஸ்ரீசிட்டியில் உருவாகும் இசூசு வி-கிராஸ் மாதிரிப் பின்னால் பட்டை ஸ்பிரிங் உள்ள பிக்கப் வண்டிகளுக்கும் இப்படிப்பட்ட துணைப்பைகள் உண்டு. ஆனால் அச்சுக்கு அனுமதித்த சுமையை எந்தப் பையும் கூட்டாது. சட்டக் கேள்வியும் இன்ஷூரன்ஸ் கேள்வியும் இதற்கும் பொருந்தும். செலவு மட்டும்தான் குறைவு.

இவ்வளவுக்குப் பிறகும் முழு ஏர் சஸ்பென்ஷன்தான் வேண்டும் என்கிறவர்கள் நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பார்க்கலாம்.

வீட்டில் இன்னொரு வண்டி இருக்கிறதா? இல்லையென்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

எழுத்தில் அனுமதி கிடைத்ததா?

வாங்குவது வெறும் அழுத்தத்தை அளக்கும் தொகுப்பா, உயரத்தை அளப்பதா? அழுத்தத்தை மட்டும் பார்க்கும் மலிவுத் தொகுப்புக்கு ஐந்து பேர் ஏறியது புரியாது. கார் அமுங்கும், அடி உரசும், காசு போட்ட காரணமே அடிபட்டுப் போகும்.

கழற்றிய அசல் ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் எண்ணெய் தடவிப் பத்திரமாக வைக்க இடமிருக்கிறதா? ஒருநாள் அவை தேவைப்படும். 1958இல் அமெரிக்கர்களுக்குத் தேவைப்பட்டன.

நாலுக்கும் 'ஆமாம்' என்று தைரியமாகச் சொல்ல முடிந்தவர் மாட்டிக்கொள்ளட்டும். மற்றவர்கள் அந்த லட்சத்தில் நல்ல டயரும் புது ஷாக்கும் போட்டுவிட்டு மிச்சத்தை பாங்கில் போடலாம். காற்றின் மேல்தான் பயணம் போக வேண்டும் என்று ஆசை வந்தால் இருக்கவே இருக்கிறது மெட்ரோ. பக்கத்து ஊரில் செய்த காற்று சவாரி. பராமரிப்புச் செலவு நம்முடையது அல்ல.