கஜா நமக்கு வடக்கே போனது: புயலுக்கு முந்தைய பகலில் வீட்டிலும் தொழுவத்திலும் செய்ய வேண்டியவை

ஐப்பசி, கார்த்திகையில் புயல் செய்தி வந்தால், 'அது நாகப்பட்டினத்துக்காரர்கள் கவலை' என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பது உசிலம்பட்டிப் பக்கத்து வழக்கம். கடல் நமக்குத் தூரம்தான். ஆனால் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களைப் புரட்டிப் போட்டுவிட்டு அன்றே திண்டுக்கல் பக்கம் வந்துவிட்டது. கொடைக்கானல் மலைச்சாலைகளில் மரங்கள் விழுந்து போக்குவரத்து நின்றது. கொஞ்சம் தெற்கே விலகியிருந்தால் அது நம் ஊர் வழியாகத்தான் போயிருக்கும்.

துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டு கப்பல்களுக்கானது. நீங்கள் பார்க்க வேண்டியது, வானிலை ஆய்வு மையம் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களுக்கு விடும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளை. ஆரஞ்சு வந்ததுமே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

முதலில் வீட்டுக்கு வடபுறமும் தென்புறமும் நிற்கும் மரங்களைப் பாருங்கள். வங்கக் கடலிலிருந்து மேற்கே வரும் புயலில் காற்று முதலில் வடக்கிலிருந்து அடிக்கும். புயல் கடந்த பிறகு தெற்கிலிருந்து திரும்ப அடிக்கும். கஜாவுக்குப் பின் பேராவூரணிப் பக்கம் தோப்புகளைப் பார்க்கப் போனபோது, ஓட்டு வீடு ஒன்றின் மேல் வடபுறத் தென்னை விழுந்து கிடந்தது. கடல் இருக்கும் பக்கமிருந்துதான் காற்று வரும் என்று நினைத்து, வீட்டுக்காரர் தென்புற மரத்தை மட்டும் கழித்து வைத்திருந்தார்.

தென்னையில் முற்றிய குலைகளையும் அடிமட்டைகளையும் இறக்கிவிடுங்கள். தலைப்பாரம் குறைந்தால் மரம் காற்றில் வளைந்து கொடுக்கும். நீர் பாய்ச்சுவதை நிறுத்தி, தூரில் மண் அணையுங்கள். ஈரம் ஊறிய மண்ணில் வேருக்குப் பிடிப்பு இருக்காது. கூரையை ஒட்டிய முருங்கையைத் தயங்காமல் வெட்டுங்கள். அது மறுபடி துளிர்த்துவிடும், ஓடு துளிர்க்காது! வாழைக்கு ஒரு பக்கம் மட்டும் முட்டுக் கொடுத்தால் காற்று திரும்பும்போது பயனில்லை. இரண்டு பக்கமும் கொடுங்கள்.

தகரக் கொட்டகையில் கழன்ற போல்ட்டுகளை முடுக்குங்கள். இரண்டிரண்டு மணல் மூட்டைகளைக் கயிற்றால் பிணைத்து, முகட்டின் இருபுறமும் தொங்கும்படி போடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை மீது மட்டும் ஏறாதீர்கள், உடைந்து உள்ளே விழுந்துவிடுவீர்கள். வைக்கோல் படப்பைத் தார்ப்பாயால் மூடி, கயிற்றின் இரு முனையிலும் கல் கட்டித் தொங்கவிடுங்கள். மாடியில் உள்ள பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி காலியாக இருந்தால் பறக்கும், நிரம்பியிருந்தால் நிற்கும். அந்தத் தண்ணீர் பின்னால் உதவவும் செய்யும். கஜாவில் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்து, டெல்டாவில் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. கிணற்று மோட்டாரின் மெயினையும் அணைத்துவிடுங்கள்.

பட்டா, ஆதார், வங்கிப் புத்தகம், காப்பீட்டு ரசீது எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். வீடு, தொழுவம், தோப்பு ஆகியவற்றை இன்றே போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். சேதக் கணக்கெடுப்பின்போது பேச்சைவிட அந்தப் படம் உதவும். அறுத்துக் காயப்போட்ட பயிர் கெட்டு, அதற்குக் காப்பீடு இருந்தால், 72 மணி நேரத்துக்குள் 14447 எண்ணில் சொல்லியாக வேண்டும்.

மாடு, ஆடுகளை மரத்தடியிலும் மின்கம்பி அடியிலும் கட்டாதீர்கள். உறுதியான கட்டடம் இருந்தால் அதற்குள் அடையுங்கள். அது இல்லையென்றால், மரமும் கம்பியும் இல்லாத மேட்டு நிலத்தில் கயிற்றை அவிழ்த்து விட்டுவிடுங்கள். கட்டிப்போட்ட மாட்டால் சரியும் கொட்டகையிலிருந்து தப்ப முடியாது.

உங்களுடையது கூரை வீடோ தகர வீடோ என்றால், இருட்டுவதற்குள் பெரியவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பக்கத்துக் கான்கிரீட் வீட்டுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போய்விடுங்கள். நடுவில் காற்று சட்டென்று நின்றால், மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே கிளம்பாதீர்கள். தென்புறக் காற்று இன்னும் வரவில்லை.