விலையை மறைத்தால் நாக்கு சொல்லும்: வீட்டிலேயே சிவப்பு ஒயின் ஒப்பீடு

விருந்துக்குச் சிவப்பு ஒயின் வாங்கப் பேரங்காடிக்குச் செல்லும் பலருக்கு, அடுக்கின் முன் நின்றதும் குழப்பம்தான். ஆக மலிவானதை எடுக்கக் கூச்சம். விலை உயர்ந்ததை எடுக்கத் தயக்கம். கடைசியில் போத்தலின் அழகைப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

விலை எதைச் சொல்கிறது?

சிங்கப்பூரில் மலிவு ஒயினின் விலையில் பெரும்பங்கு வரிதான். 2014 முதல், தூய மதுசாரம் ஒரு லிட்டருக்கு 88 வெள்ளி தீர்வை விதிக்கப்படுகிறது. 13.5 விழுக்காடு மதுசாரம் உள்ள 750 மில்லிலிட்டர் போத்தலுக்கு அது 8.91 வெள்ளி. ஒயின் மலிவானதா, உயர்ந்ததா என்று தீர்வை பார்ப்பதில்லை.

9 விழுக்காடு பொருள், சேவை வரியையும் கழித்தால், 20 வெள்ளிப் போத்தலில் மிஞ்சுவது 9.44 வெள்ளி. 30 வெள்ளிப் போத்தலில் 18.61 வெள்ளி. ஒயின், போத்தல், கப்பல் கூலி, கடை லாபம் எல்லாம் அதற்குள் அடக்கம். பத்து வெள்ளி கூடக் கொடுத்தால் மிஞ்சும் தொகை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அந்த வேறுபாடு குடிப்பவரின் நாக்குக்குத் தெரிகிறதா என்பதே கேள்வி.

விலை தெரிந்தால் நாக்கு ஏமாறும். கலிஃபோர்னியாவில் நடத்தப்பட்டு 2008ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 டாலர் என்று சொன்னபோதுதான் அது கூடுதலாகப் பிடித்திருந்தது.

துவர்ப்பு நமக்குப் புதிதல்ல

சிவப்பு ஒயினில் முதலில் கவனிக்க வேண்டியது துவர்ப்பு. வாழைப்பூ, பாக்கு, நாவற்பழம் தின்று வளர்ந்தவர்களுக்கு இது பழகிய சுவை. திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின் எச்சிலின் புரதத்தோடு சேர்வதால் வாய் வறண்டு இழுக்கிறது. தேயிலையிலும் இதே வகைப் பொருள் உண்டு. பாலில்லாத தேநீரை ஒரு நிமிடம், மூன்று நிமிடம், ஆறு நிமிடம் ஊறவிட்டு அடுத்தடுத்துக் குடித்துப் பார்த்தால் துவர்ப்பின் படிகள் புரியும். அதன்பின் புளிப்பு, பழவாசனை, தொண்டையில் இறங்கும் சூடு ஆகியவற்றைக் கவனிக்கலாம்.

எப்படி ஒப்பிடுவது?

நான்கைந்து பேர் சேர்ந்து மூன்று போத்தல் வாங்கினால் செலவு குறையும். ஒரே விலையில் சிலியின் கெபர்னே சொவினியோன், ஆஸ்திரேலியாவின் ஷிராஸ், ஸ்பெயினின் டெம்ப்ரனியோ என்று எடுக்கலாம். அல்லது ஒரே திராட்சையில் மூன்று விலை எடுக்கலாம்.

நம் ஊர் வெப்பத்தில் சிவப்பு ஒயின் சூடாகி மதுசார நெடிதான் தூக்கலாகத் தெரியும். அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து எடுப்பது நல்லது. ஒருவர் போத்தல்களைக் காகிதத்தில் சுற்றி எண்ணிட வேண்டும். ஒரே மாதிரிக் குவளைகளில் ஆளுக்கு 30 மில்லிலிட்டர் போதும். முகர்ந்து, வாயில் சுழற்றி, துப்பிவிடலாம். தொழில்முறையில் சுவைப்பவர்களின் வழக்கம் அதுதான். பேசிக்கொள்ளாமல் அவரவர் மதிப்பெண்ணை எழுதிய பிறகே காகிதத்தைப் பிரிக்க வேண்டும்.

இன்னொரு சோதனையும் உண்டு. மூன்று குவளைகளில் இரண்டில் ஒரே ஒயின், ஒன்றில் வேறு ஒயின். வேறானது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றுக்கு ஒரு முறை சரியாகும். அதனால் பலமுறை செய்து பார்க்க வேண்டும். பெரும்பாலும் தவறினால், அந்த இரண்டில் விலை குறைந்ததை வாங்குவதில் நட்டமில்லை.

உணவோடு சேர்த்துச் சுவைப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். பால் தேநீரின் துவர்ப்பைக் குறைப்பதுபோல், இறைச்சியின் புரதமும் கொழுப்பும் ஒயினை மென்மையாக்கும். காரம் மிகுந்த ஆட்டிறைச்சிப் பிரட்டலோடு என்றால் மதுசாரம் காரத்தைக் கூட்டும். அதற்குத் துவர்ப்பும் மதுசாரமும் குறைந்த ஒயினே பொருந்தும்.

மீதியை இறுக மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். அன்றே காலி செய்யத் தேவையில்லை. ‘சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது’ என்ற பேச்சை நம்பி அளவைக் கூட்டவும் வேண்டாம். பாதுகாப்பான மது அளவு என்று ஒன்றில்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023ல் தெளிவாகக் கூறியுள்ளது. மது வாங்கும் வயது சிங்கப்பூரில் 18, மலேசியாவில் 21. சுவைத்தவர் கார் சாவியைத் தொடக்கூடாது.

மதிப்பெண் தாளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால், அடுத்த முறை அடுக்கின் முன் நிற்கும்போது போத்தலின் அழகைப் பார்க்க வேண்டியிருக்காது.