தொப்புள் புடைப்பு: தள்ளிப்போடுவது பாதுகாப்பா?

கல்லீரல் சுருக்க நோய் முற்றி வயிற்றில் நீர் கோத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் தொப்புளில் குடலிறக்கம் வருகிறது. தேங்கிய நீர் உள்ளிருந்து ஓயாமல் அழுத்துகிறது. ஊட்டச்சத்துக் குறைவால் தசைகளும் மெலிந்துபோகின்றன. வயிற்றுச் சுவரின் பலவீனமான இடமான தொப்புள் அப்போது விட்டுக்கொடுக்கிறது. 'இந்த உடம்பு ஆபரேஷனைத் தாங்காது, அப்படியே விட்டுவிடலாம்' என்பதுதான் நெடுங்காலமாகச் சொல்லப்பட்ட யோசனை. அக்கறையில் பிறந்த யோசனைதான், ஆனாலும் எல்லோருக்கும் பொருந்தாது. விட்டுவைத்த புடைப்பில் குடல் சிக்கி ரத்த ஓட்டம் தடைபடலாம். மேல்தோல் பளபளத்து, நீலம் பாய்ந்து, புண்ணாகி, ஒருநாள் பலமாக இருமும்போது வெடித்து வயிற்றுநீர் கொட்டவும் கூடும். இந்த வெடிப்பை ஃபிராங்க் ஃபிளட் என்ற மருத்துவர் 1961-ல் விவரித்ததால் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. அந்த நிலையில் செய்யும் அவசர அறுவையில் உயிரிழப்பு, திட்டமிட்டுச் செய்வதைவிடப் பல மடங்கு அதிகம்.

பலவீனமான கல்லீரல் மயக்க மருந்தைத் தாங்குமா என்ற பயம் நியாயமானது. நீரைக் கட்டுப்படுத்தாமல் தைத்தால் காயம் கசியும், சீழ் பிடிக்கும், புடைப்பும் திரும்ப வரும். அதனால் கத்தியை எடுக்கும் முன்பே சிகிச்சை தொடங்கிவிட வேண்டும். ஒரு நாளைக்கு உப்பு மொத்தமே 5 கிராம் அளவில்தான் இருக்கலாம். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் இந்தக் கணக்கை ஒரே வேளையில் குலைத்துவிடும். ஸ்பைரோனோலாக்டோன் போன்ற நீர் பிரிக்கும் மாத்திரைகள் உண்டு. அவை போதாவிட்டால் ஊசி வழியே நீரை எடுக்கலாம். 5 லிட்டருக்கு மேல் எடுத்தால், எடுக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 முதல் 8 கிராம் ஆல்புமின் ஏற்றுவது வழக்கம். நீர் சட்டென்று வடியும்போது குடல் புடைப்பிலேயே சிக்கிக்கொள்வதும் உண்டு. எடுத்த பிறகும் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். நீர் அடங்கி, கல்லீரலும் ஓரளவு நிலைப்பட்டவருக்கு, கல்லீரல் நிபுணரும் அறுவை நிபுணரும் சேர்ந்து நாள் குறித்துச் செய்யும் அறுவையே காத்திருப்பதைவிட மேல் என்பது என் முடிவு. மாற்றுக் கல்லீரல் விரைவில் கிடைக்கக்கூடியவருக்கு மட்டும் கணக்கு வேறு: அந்த அறுவையின்போதே இதையும் சேர்த்துச் சரிசெய்துவிடலாம். அதுவரை சிக்கல் வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் புடைப்பைத் தினமும் பாருங்கள். அது கல்லாக இறுகினாலோ, வலியோடு வாந்தி வந்தாலோ, தோல் கறுத்தாலோ, நீர் கசிந்தாலோ அமுக்கி உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள். விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.