கக்காத பேனா

மைப்பேனாவில் எழுதிப் பழகியவர்களுக்கு இது தெரியும்: மை நிறைய இருக்கும்போது சமர்த்தாக எழுதும் பேனா, கால்வாசிக்கு இறங்கியதும் திடீரென்று ஒரு பொட்டு கக்கிவிடும். இருப்பு குறையும்போது ஒழுக்கு ஏன் கூட வேண்டும்? இதற்கான விடையைக் கண்ணால் பார்க்கத் தோதான இடம் பேனாக் கண்காட்சி.

2020-இல் மும்பையில் ‘இந்தியா பென் ஷோ’ நடந்தது. அதற்குப் பிறகு நம் நாட்டிலும் பேனாப் பிரியர்கள் இப்படிக் கூடுவது வழக்கமாகி வருகிறது. எங்கள் மேல்மலையனூரில் அமாவாசைக் கூட்டத்துக்கு முளைக்கும் கடைகளில் எத்தனையோ கிடைக்கும். நல்ல மைப்பேனாவுக்கு நாங்கள் பஸ் ஏறத்தான் வேண்டும். கண்காட்சியில் மேசை மேசையாகப் பேனாக்கள் திறந்தே கிடக்கும். பக்கத்திலேயே மைப்புட்டியும் வழவழப்பான தாளும் இருக்கும். நிப்பை மையில் தோய்த்து எழுதிப் பார்க்கலாம், யாரும் தடுப்பதில்லை. நான் முதலில் தேடிப் போவது, உள்ளிருக்கும் மை வெளியே தெரியும் பேனாக்களை. அதில் சில வரிகள் எழுதியதும் கழுத்தருகே கடுகளவு ஒரு காற்றுக்குமிழி கிளம்பி, மைக்குள் ஊர்ந்து மேலே போய்ச் சேரும். பேனாவின் சூட்சுமம் அந்தக் குமிழியில் இருக்கிறது.

பேனாவின் உடல் ஒரு மூடிய குழாய். அதிலிருந்து மை இறங்கினால், அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். வராவிட்டால் உள்ளே அழுத்தம் குறைந்து மை நின்றுவிடும். தாராளமாக வந்தால் மை கொட்டிவிடும். நிப்புக்கு அடியில் இருக்கும் கட்டையில் ஒரு சிறு பள்ளம் ஓடுகிறதே, அதன் வழியாகத்தான் மை கீழே வருகிறது, காற்று மேலே போகிறது. 1884-இல் நியூயார்க்கில் காப்பீட்டு முகவராக இருந்த லூயிஸ் வாட்டர்மேன், அந்தப் பள்ளத்தின் அடியில் மெல்லிய கீறல்கள் போட்டுக் காப்புரிமை பெற்றார். குறுகிய சந்தில் நீர்மம் தானே ஏறி ஒட்டிக்கொள்ளும். நுண்துளை ஈர்ப்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இதைத்தான். கீறல்கள் மையைப் பிடித்துக்கொள்ள, பள்ளத்தின் மீதி அகலம் காற்றுக்குக் கிடைத்தது. நிப்பின் நடுப்பிளவு அந்த மையை முனைவரை இழுக்கிறது, தாளின் நார்கள் அங்கிருந்து வாங்கிக்கொள்கின்றன. எழுதும்போது அழுத்தத் தேவையில்லை என்பது இதனால்தான்.

இப்போது கக்கலுக்கு வருவோம். முக்கால்வாசி காலியான பேனாவில் 2 மில்லிலிட்டர் காற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அறையின் வெப்பம் 27 டிகிரி. கைச்சூட்டில் அந்தக் காற்று 33 டிகிரிக்குப் போனால் 2 சதவீதம் விரியும். அதாவது 0.04 மில்லிலிட்டர், ஏறக்குறைய ஒரு சொட்டு. விரிந்த காற்று அவ்வளவு மையை வெளியே தள்ளும். பேனா நிறைந்திருக்கும்போது உள்ளே காற்றே கொஞ்சம்தான், தள்ளுவதற்குத் தெம்பில்லை. செஞ்சிப் பாறைகள் தகிக்கும் சித்திரை வெயிலில், பஸ் பயணத்தில், சட்டைப் பையில் நிப்பு கீழ்நோக்கி இருக்கும் பேனாவின் கதி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. நிப்பு மேல்நோக்கி இருந்தால், விரியும் காற்று மையைத் தள்ளாமல் தானே வெளியேறிவிடும்.

வெப்பத்தை உலோகம் சட்டென்று கடத்தும், எபோனைட் கடத்தாது. நம் ஊர்க் கைவினைப் பேனாக்கள் எபோனைட்டை விடாமல் பிடித்திருப்பதில் இந்த நன்மையும் உண்டு. ரப்பரோடு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கந்தகம் சேர்த்து மணிக்கணக்கில் சூடாக்கினால் கிடைக்கும் கெட்டிப்பொருள் அது. கட்டைவிரலால் நன்றாகத் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனால் லேசாகக் கந்தக வாடை அடிக்கும். திருவள்ளூரின் ரங்கா பேனாக்கள் இன்றும் எபோனைட் தண்டிலிருந்து கடைசல் போட்டுச் செய்யப்படுகின்றன. ராஜமுந்திரியில் கே.வி. ரத்னம் செய்த சுதேசிப் பேனாவைக் காந்தியிடம் சேர்த்தவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. அந்நியப் பேனாக்களுக்கு இது நல்ல மாற்று என்று 1935 ஜூலையில் காந்தி ரத்னத்துக்கு எழுதினார். காராசேவுக்குப் பேர்போன நம் சாத்தூர், ஒரு காலத்தில் நிப்புக்கும் பேர்போன ஊர். சிறு பட்டறைகளில் தகட்டை வெட்டி, வளைத்து, பிளவு போட்டு அனுப்பினார்கள். பந்துமுனைப் பேனா வந்ததும் அந்தத் தொழில் நொடித்துப்போனது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன்.

கண்காட்சியில் பார்த்தே தீர வேண்டிய ஒன்று, நிப்பு சரிசெய்கிறவரின் மேசை. “கக்குதா? கொடுங்க இப்படி” என்று வாங்கி, நிப்பையும் கட்டையையும் உருவிக் கழுவுவார். இரண்டையும் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், நடுவே ஒளிக்கீற்று தெரியும். ஒட்டியிருக்க வேண்டியவை விலகியிருக்கின்றன என்று அர்த்தம். கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் சிறிது நேரம் முக்கி எடுத்து, துணியோடு சேர்த்துப் பிடித்து, ஆறும்வரை கட்டைவிரலால் அழுத்துவார். சூட்டில் எபோனைட் கட்டை இளகி, நிப்பின் வளைவுக்கு ஏற்பப் படிந்துகொள்ளும். மறுபடி வெளிச்சத்தில் பார்த்தால் கீற்று இருக்காது. பிளாஸ்டிக் கட்டைக்கு இந்த வைத்தியம் பெரும்பாலும் பலிப்பதில்லை.