ஆணி இல்லாமல் நின்ற பாலம்

ஹட்டனில் உயர்தரம் படிக்கும் மாணவி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: “பேராதனையில் ஆணியே அடிக்காத மரப்பாலம் ஒன்று இருந்ததாமே, அது எப்படி நின்றது சேர்?”

இருந்தது, மகள். கொழும்பு–கண்டி வீதியில், மகாவலிக்கு மேலே 1833இல் ஆங்கிலேயர் கட்டி முடித்தார்கள். பெரும்பாலும் முதிரை மரம். ஒரே வளைவு, கரைக்குக் கரை 205 அடி. ஆற்றின் நடுவே தூண் கிடையாது. மலையாற்று வெள்ளம் மரங்களைப் பெயர்த்து உருட்டிக்கொண்டு வரும். நடுவில் தூண் நின்றால் அதில்தான் மோதும். கண்டிக்கு 1867இல் ரயில் வரும்வரை, அந்தப் பக்கத்துக் கோப்பி மாட்டுவண்டியில் கொழும்புக்கு இறங்கிய வழி இதுதான்.

ஆணி விஷயத்துக்கு வருகிறேன். ஆசிரியராக இருந்த காலத்தில், மேசையில் வரிசையாக நிற்கும் இருபது கொப்பிகளை இரு முனையிலும் உள்ளங்கையால் அழுத்தி அப்படியே தூக்கிப் போவேன். நடுக் கொப்பியை யாரும் பிடிக்கவில்லை; ஆனாலும் விழாது. வளைவும் ஏறக்குறைய அப்படித்தான். ஒரு வித்தியாசம்: கொப்பிகளை நெருக்கியது என் கை, வளைவை நெருக்குவது அதன் சொந்தப் பாரம். வண்டி ஏறினால் துண்டுகள் இன்னும் இறுகும். அந்தத் தள்ளல் வளைவு வழியே இறங்கி, இரு கரைக் கற்கட்டுகளில் போய்ச் சேரும். பிரியப் பார்க்கும் மரங்களுக்குத்தான் ஆணி வேண்டும். ஒன்றையொன்று தள்ளி நிற்கும் மரங்கள் பக்கவாட்டில் விலகாமலிருக்க, ஒன்றில் நாக்கும் மற்றதில் துளையும் செதுக்கிப் பொருத்தினால் போதும்.

மழை நாட்டில் இது இரட்டை நன்மை. ஈரத்தில் ஆணி துருப்பிடிக்கும். துரு சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும். லயத்துக் கதவு நிலைகளில் ஆணியைச் சுற்றிக் கறுத்துப்போன வட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். முதிரையோ வன்னியிலும் கிழக்கிலும் வரண்ட காடுகளில் மெதுவாக வளர்ந்து இறுகிய மரம். லேசில் உளுக்காது. 1905இல் இரும்புப் பாலத்துக்கு இடம்விட்டுக் கழற்றப்படும்வரை, எழுபது வருடத்துக்கு மேல் அந்தப் பாலம் பாரம் சுமந்தது.

இதை எழுதும்போது, நான் பிறந்த தோட்டத்து ஓடைப் பாலம் நினைவுக்கு வருகிறது. ஐந்தாறு பலகைதான். ஒன்று உளுத்து விழுந்தது. கொழுந்துக் கூடையோடு பெண்கள் அந்த இடைவெளியைத் தாண்டிப் போனார்கள். பிள்ளைகளைக் கையைப் பிடித்துத் தாண்ட வைத்தோம். தாண்டப் பழகியதும் முறையிடுவது நின்றுபோயிற்று. அந்த ஓட்டை வழியே தண்ணீர் இறங்கி, கீழே தாங்கிய மரமும் உளுத்தது. அடுத்த பெருமழையில் பாலமே போய்விட்டது. பள்ளிக்கூடம் அக்கரையில், பிள்ளைகள் மூன்று மாதம் வீட்டில் இருந்தார்கள். ஒரு பலகைக்காக!

205 அடியைத் தாண்டும் அறிவு இந்த மலைகளுக்கு வந்து இருநூறு வருடம் ஆகப் போகிறது. பத்தடி ஓடைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை என்றால், குறை பொறியியலில் இல்லை.

மகள், நீங்கள் தினமும் கடக்கும் பாலத்தின் அடிப்பக்கத்தை ஒருமுறை குனிந்து பாருங்கள். எந்த மரம் மெத்தென்று ஆகியிருக்கிறது, எந்தப் பலகை ஆடுகிறது என்று குறித்து அனுப்புங்கள். அதை எடுத்துக்கொண்டு தோட்ட அலுவலகத்துக்கும் பிரதேச சபைக்கும் நானும் உங்களோடு வருகிறேன்.