மரியாளை மாரியாள் ஆக்காம ‘சைலன்ட் நைட்’ பாடுவது எப்படி?

டிசம்பர் வந்தாச்சு. செங்கல்பட்டு பக்கம் ஒரு சின்ன சர்ச்னு வச்சுக்குவோம். ஒரு கீபோர்டு, பதினஞ்சு பேர் கொயர். ‘சைலன்ட் நைட்’ தமிழ்ல பாடணும். கொயர் மட்டும் பாடினா அது கச்சேரி. பெஞ்சுல உக்காந்திருக்கிற பாட்டியும் சேர்ந்து பாடினாத்தான் ஆராதனை. அதுக்கு என்னென்ன மாத்தணும்?

முதல்ல சுருதி. ஆஸ்திரியாவுல பாதிரியார் யோசப் மோர் 1816-ல எழுதின கவிதைக்கு ஃபிரான்ஸ் க்ரூபர் மெட்டுப் போட்டார். 1818 டிசம்பர் 24 அன்னைக்கு ஓபர்ன்டார்ஃப் ஊர்ல ரெண்டு பேரும் கிடாரோட பாடினாங்க. (ஆர்கனை எலி கடிச்சிடுச்சுன்னு ஒரு கதை சுத்துது. நல்ல கதை, ஆதாரம்தான் இல்ல.) மோரோட கையெழுத்துப் பிரதி டி மேஜர், அதாவது ரெண்டு கட்டை. அந்தச் சுருதியில, கடைசிக்கு முந்தின வரி உச்சிக்குப் போகும்போது பாதி சபை வாயை மூடிடும். பி ஃப்ளாட், நம்ம ஆறரைக் கட்டைக்கு இறக்கிடுங்க.

ஆனா பெரிய சிக்கல் சுருதி இல்ல, மொழி. தமிழ்ல குறில் நெடில் மாறினா அர்த்தமே மாறிடும். இந்த மெட்டோட முதல் மூணு அசையைப் பாருங்க: நீளம், குட்டை, ரொம்ப நீளம். ‘பாலகன்’ அதுல அப்படியே உக்காரும். ‘மரியாள்’ வச்சா? ‘ம’ இழுபட்டு ‘மாரியாள்’ ஆயிடும். மாரின்னா மழை! அதையே ‘தாய் மரி’ன்னு மாத்துங்க. நீளத்துல ‘தாய்’, குட்டையில ‘ம’. கடைசி ‘ரி’ நீண்டாலும் காது உறுத்தாது. யாரையாவது கூப்பிடும்போது நாம அப்படித்தானே இழுக்கிறோம்?

இது பழைய தலைவலி. 18-ம் நூற்றாண்டுல வேப்பேரியில இருந்த ஃபாப்ரிசியுஸ், ஜெர்மன் பாடல்களை அந்த மெட்டுக்கே தமிழாக்கினார். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) வேற வழி போனார்: ராகம், தாளத்தோட தமிழ்லயே புதுசா எழுதினார். இன்னைக்கும் சி.எஸ்.ஐ. ஆராதனையில பாமாலை, கீர்த்தனைன்னு ரெண்டும் இருக்கு. எனக்குக் கீர்த்தனைதான் நாக்குக்கு இதமா இருக்கும். ஆனா கேரல் மெட்டை மக்கள் விடமாட்டாங்க, அதனால வார்த்தையைத்தான் செதுக்கணும்.

தாளம்: இது தாலாட்டு. கீபோர்டுல ரெடிமேட் ரிதம் பட்டனை அமுக்காதீங்க, தயவுசெஞ்சு. தபலா இருந்தா தாத்ரா, அதுவும் மெதுவா. முதல் சரணம் எல்லாரும் ஒரே குரல்ல. ஆல்ட்டோ, டெனர் எல்லாம் ரெண்டாவதுல இருந்து வரட்டும். அதுக்குள்ள சபைக்கு மெட்டு பிடிபட்டிருக்கும்.

முன்னிசைக்குக் கடைசி வரி மெட்டையே வாசிங்க. கோவளத்துல நள்ளிரவுத் திருப்பலியோ, செங்கல்பட்டுல விடியக்காலை ஆராதனையோ, எங்க எடுக்கணும்னு யாரும் கைகாட்ட வேண்டியிருக்காது.